ஃபோல்டருக்குக் கணக்குக் கேட்டால் என்ன தப்பு?

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து ஏதாவது ஒரு டிரைவுக்குள் போய்ப் பாருங்கள். பெயர், தேதி, வகை, சைஸ் என்று நான்கு தலைப்புகள் இருக்கும். ஃபைல் என்றால் அதற்கு நேரே சைஸ் போட்டிருக்கும். அது 12 கே.பி. கடிதமாக இருந்தாலும் சரி, 2 ஜி.பி. சினிமாவாக இருந்தாலும் சரி. ஃபோல்டருக்கு நேரே மட்டும் ஒன்றும் இருக்காது. வெள்ளைக் கட்டம். விண்டோஸ் 95 வந்த நாளிலிருந்து இன்றைய விண்டோஸ் 11 வரை அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருக்கிறது.

இத்தனை வருடமாக இதை யாருமே கேட்கவில்லையா என்றால், கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்குக் கிடைக்கும் பதில்தான் எனக்கு எரிச்சலைத் தருகிறது. அந்த எரிச்சலை இறக்கி வைக்கத்தான் இன்று உட்கார்ந்தேன்.

நான் உத்தியோகம் பார்த்தது ஸ்டோர்ஸில். ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் 31 வருடம். எங்கள் ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டிலிருந்து மோட்டார் வரை பல ஆயிரம் வகைச் சாமான்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பின். ஒவ்வொரு பின்னிலும் பின் கார்டு என்று ஒரு அட்டை தொங்கும். என்றைக்கு எவ்வளவு வந்தது, எந்த ஷாப்புக்கு எவ்வளவு கொடுத்தோம், மீதி எவ்வளவு. இந்த மூன்றும் அந்த அட்டையில் இல்லாவிட்டால் அது ஸ்டோர்ஸ் இல்லை, காயலான் கடை. ஆடிட்காரர் வந்து ஒரு ரேக்கைக் காட்டி "இதில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கும்போது "சார், உள்ளே போய் ஒவ்வொன்றாக எண்ணினால்தான் தெரியும், எண்ணட்டுமா?" என்று நான் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே எனக்கு மெமோ வந்திருக்கும்.

ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் விண்டோஸ் இந்தப் பதிலைத்தான் சொல்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் உள்ளே போய் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்கிறது. எண்கள் கிடுகிடுவென்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணி முடித்ததை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்கிறதா என்றால் அதுவும் இல்லை. பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணும். 40 ஃபோல்டர் இருந்தால் 40 தடவை ரைட் கிளிக் செய்து, 40 எண்களைக் காகிதத்தில் எழுதி, எது பெரியது என்று நாம் பார்க்க வேண்டும். கணக்குப் போடும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனுஷன் பேப்பரில் கணக்குப் போடுவதை விட வேடிக்கை உண்டா?

என் அக்கா பையன் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான்.

"மாமா, ஃபோல்டர்னு தனியா ஒண்ணும் கிடையாது. அது வெறும் பேர் பட்டியல். அதுக்குள்ள இருக்கிற ஃபைல், அதுக்குள்ள இருக்கிற ஃபோல்டர், அதுக்குள்ள இருக்கிற ஃபைல்னு கடைசி வரைக்கும் போய்க் கூட்டணும். ஒவ்வொரு தடவை நீங்க விண்டோவைத் திறக்கறப்பவும் அதைச் செஞ்சா மெஷின் நகராது."

"சரிடா, அதை ஒரு தடவை கூட்டி எழுதி வெச்சுக்கிட்டா?"

"எழுதி வெச்சா, ஒவ்வொரு தடவை ஒரு ஃபைல் மாறினாலும் மேல இருக்கிற எல்லா ஃபோல்டர்லயும் திருத்தணும். அதுவும் வேலைதானே. அப்புறம் இந்தக் காலத்துல யாரு மாமா இடத்தை எல்லாம் பார்க்கறாங்க? பத்தலைன்னா ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட வேண்டியதுதான்."

அவன் சொன்ன முதல் இரண்டும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "வேலை அதிகம்" என்பது கணக்கு எழுதாமல் இருப்பதற்குக் காரணமாகாது. எங்கள் ஸ்டோர்ஸிலும்தான் ஒவ்வொரு தடவை ஒரு போல்ட் வெளியே போனாலும் பின் கார்டில் எழுதி, பிறகு லெட்ஜரில் எழுதி, மாதக் கடைசியில் மேலே அனுப்பினோம். அதற்குத்தான் சம்பளம்.

கஷ்டம் என்கிறார்களே, அதையே எத்தனை பேர் எத்தனை காலமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

1969-ல் அமெரிக்காவில் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தை எழுத ஆரம்பித்தார்கள். 1971 நவம்பரில் வெளிவந்த முதல் கையேட்டிலேயே டி.யூ. என்று ஒரு கட்டளை இருக்கிறது. டிஸ்க் யூசேஜ் என்பதன் சுருக்கம். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அவர்களுடைய மெஷினில் முதலில் இருந்த டிஸ்க் அரை மெகாபைட். இன்று நாம் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படத்துக்கே அது போதுமோ போதாதோ. அவ்வளவு சின்ன இடத்திலும் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார் என்று கேட்க ஒரு கட்டளையை முதல் நாளே எழுதி வைத்தார்கள். லினக்ஸில் இன்றைக்கும் அதே இரண்டு எழுத்துதான்.

மேக் கம்ப்யூட்டரில் ஃபைண்டர் என்று இருக்கிறது. நம் எக்ஸ்ப்ளோரர் மாதிரி. அதில் பட்டியல் முறையில் வைத்து, வியூ ஆப்ஷன்ஸ் போய், எல்லா சைஸையும் கணக்கிடு என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். ஃபோல்டர்களுக்கு நேரேயும் எண் வந்துவிடும். கொஞ்சம் நேரம் எடுக்கும், ஒவ்வொன்றாக வரும், ஆனால் வரும். வேண்டாதவர்கள் டிக் போட வேண்டாம். இவ்வளவுதான் நான் கேட்பது. ஒரு டிக்.

இன்னொரு வேடிக்கை. விண்டோஸிலேயே ஒரு ஃபோல்டர் மேல் மவுஸை வைத்துச் சும்மா இருந்தால் ஒரு சின்னக் குறிப்பு எட்டிப் பார்க்கும். சின்ன ஃபோல்டரானால் அதில் சைஸ் போட்டிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் அதற்கென்று ஒரு டிக் கட்டமே இருக்கிறது. ஆக அவர்களுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. நின்று நிதானித்துக் காத்திருந்தால் காதோடு சொல்வார்கள், சபையில் சொல்ல மாட்டார்கள்!

நேரம் ஆகும் என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. விண்டோஸ் டிஸ்கில் எம்.எஃப்.டி. என்று ஒரு பெரிய பேரேடு உண்டு. டிஸ்கில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் ஒரு பதிவு. விஸ்ட்ரீ என்ற ஒரு சின்ன மென்பொருள், ஒவ்வொரு அறையாகப் போய் எண்ணாமல் நேராக அந்தப் பேரேட்டைப் படித்துக் கூட்டிவிடுகிறது. என் பழைய கம்ப்யூட்டரில் சில விநாடிதான். வெளியாள் வந்து பேரேட்டைப் புரட்டிச் சில விநாடியில் சொல்வதை, வீட்டுக் கணக்கப்பிள்ளை ஏன் சொல்லக் கூடாது?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. 1990-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேன் என்ற பேராசிரியர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் 80 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை 14 பேர் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது. யார் பெரிய பெரிய ஃபைல்களை வைத்துக்கொண்டு இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கூட்டுக் குடித்தனத்தில் அரிசி எப்படித் தீர்ந்தது என்ற கேள்வி மாதிரி. மனுஷர் இதைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். முழு டிஸ்கையும் ஒரு செவ்வகமாக வரைந்து, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதன் அளவுக்கேற்ற ஒரு பாத்தி, பாத்திக்குள் இன்னும் சின்னச் சின்னப் பாத்தி என்று பிரித்துக் காட்டும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு ட்ரீமேப் என்று பெயர். இன்று பங்குச் சந்தை நிலவரத்தைப் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டிக் காட்டுகிறார்களே, அது இந்த டிஸ்க் சண்டையில் பிறந்ததுதான்.

வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் இதே முறையில் உங்கள் டிஸ்கை வண்ணப் பாத்திகளாகக் காட்டும். முதன்முதலில் அதை ஓட்டிப் பார்த்தபோது, என் டிஸ்கின் படத்தை வயல் வரப்பு மாதிரி பார்த்தபோது, எனக்கு ஏற்பட்ட திருப்தியை எப்படிச் சொல்வேன். ரிடையர் ஆகிப் பல வருடம் கழித்து மறுபடி ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்குப் போன மாதிரி இருந்தது.

சரி, ப்ராப்பர்ட்டீஸில் வரும் எண்ணையாவது நம்பலாமா? அங்கேயும் ஒரு குழப்பம். இரண்டு எண் வரும். ஒன்று சைஸ். மற்றொன்று சைஸ் ஆன் டிஸ்க். இரண்டும் ஒன்றாக இருக்காது. இதைப் பார்த்துப் பயந்துபோய் வைரஸ் என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இது ஸ்டோர்ஸ்காரனுக்கு எளிதில் புரிகிற விஷயம். ஒரு பின்னில் ஒரு வகைச் சாமான்தான் வைக்கலாம். அதில் நூறு போல்ட் இருந்தாலும் ஒரே ஒரு போல்ட் இருந்தாலும் அந்தப் பின் முழுவதும் அதற்குத்தான். மீதி இடத்தில் வேறு சாமானைப் போட முடியாது. டிஸ்கிலும் அப்படியே. இடம் முழுவதும் சிறு சிறு பின்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இன்றைய விண்டோஸில் வழக்கமாக ஒரு பின் 4 கே.பி. உங்கள் கடிதம் 5 கே.பி. என்றால் அதற்கு இரண்டு பின் வேண்டும், ஆக 8 கே.பி. முதல் எண் சரக்கு. இரண்டாவது எண் சரக்கு அடைத்துக்கொண்ட இடம். விண்டோஸ் 95 காலத்தில் 2 ஜி.பி. டிஸ்கில் ஒரு பின் 32 கே.பி. இரண்டு வரிக் கடிதம் எழுதிச் சேமித்தாலும் 32 கே.பி. போய்விடும். அன்றைக்கு இருந்த இடமே கொஞ்சம். அதிலும் இத்தனை விரயம்.

இதைவிட விசித்திரமான கேஸ்களும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு ஃபோல்டர். ப்ராப்பர்ட்டீஸ் போட்டால் பல ஜி.பி. காட்டி வயிற்றைக் கலக்கும். உண்மையில் அவ்வளவு இல்லை. ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் பதிந்து வைத்திருப்பார்கள். ஒரே பின்னுக்கு இரண்டு பின் கார்டு மாதிரி. கார்டை எண்ணுபவன் சரக்கு இரண்டு மடங்கு என்பான். எக்ஸ்ப்ளோரர் கார்டைத்தான் எண்ணுகிறது.

இதற்கு நேர் எதிர், சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டர். பழைய நிலைக்குத் திரும்புவதற்கான ரிஸ்டோர் பாயின்ட் நகல்கள் எல்லாம் அதற்குள்தான். அது பல ஜி.பி. பிடித்திருக்கலாம். ஆனால் அந்த அறை பூட்டியிருக்கும், நமக்கு அனுமதி கிடையாது. ப்ராப்பர்ட்டீஸ் போட்டால் என்ன சொல்லும் தெரியுமா? "பூட்டியிருக்கிறது, எண்ண முடியவில்லை" என்று சொல்லாது. பூஜ்யம் என்று சொல்லும்! பூட்டிய அறைக்கு நேரே பூஜ்யம் என்று எழுதிய வெரிஃபிகேஷன் ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை. எழுதியிருந்தால் அந்த ஆள் வீட்டுக்குப் போயிருப்பான்.

அப்புறம் இந்த மேகம். சில ஃபோல்டர்களில் சைஸ் 3 ஜி.பி. என்றும், சைஸ் ஆன் டிஸ்க் பூஜ்யம் என்றும் காட்டும். இங்கே இருப்பது கார்டு மட்டும். சரக்கு இன்னொருத்தர் கிடங்கில், கடல் தாண்டி எங்கேயோ. "இங்கே இடத்தையே அடைக்கவில்லையே, வெறும் பெயர்தானே" என்று நினைத்து அதை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அங்குள்ள குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் தப்பித்தோம். கவனிக்காதவர்களுக்கு யார் சொல்வது?

"ஒரு எண் தெரியாததில் என்ன குடி முழுகிவிட்டது?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மனைவி காலமாகி நான்கு வருடம். அந்த அம்மா நன்றாகப் பாடுவார்கள். நவராத்திரி கொலுவின்போது அவர்கள் வீட்டில் பாட்டு நடக்கும், நாங்கள் எல்லோரும் போவோம், சுண்டல் வாங்கிக்கொண்டு வருவோம். அந்தப் பாட்டுகளை வருடா வருடம் வீடியோ எடுத்து லேப்டாப்பில் வைத்திருந்தார். லேப்டாப்பில் இடமில்லை, இடமில்லை என்று செய்தி வந்துகொண்டே இருந்திருக்கிறது. ரிப்பேர் கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். கடைப் பையன் திறந்துகூடச் சரியாகப் பார்க்காமல், "வீடியோ ஏதாச்சும் வெச்சிருப்பீங்க சார், அதுதான் இடத்தை அடைக்கும். அதைத் தூக்கிடுங்க, இல்லாட்டி புது டிஸ்க் போடணும், ஆறாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறான். மனுஷர் வீட்டுக்கு வந்து, மகள் போனில் வேறு பிரதி வைத்திருப்பாள் என்ற எண்ணத்தில், கொலு ஃபோல்டரை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டார். மகளிடம் இருந்தது ஒரே ஒரு வருடத்துப் பாட்டு.

அதற்கு அப்புறமும் இடமில்லை என்ற செய்தி நிற்கவில்லை. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க ஸ்டோர்ஸ்ல இருந்தவரு. என்ன எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

வின்டிர்ஸ்டாட் போட்டுப் பார்த்தேன். கொலு ஃபோல்டர் மொத்தமே 6 ஜி.பி. இருந்திருக்கும் என்று அவரே சொன்னார். அவருடைய பழைய போன்களின் முழு நகல் மூன்று, போனோடு வந்த ஏதோ ஒரு மென்பொருள் தானாகவே எடுத்து, கண்ணில் படாத ஒரு ஃபோல்டருக்குள் வைத்திருந்தது. மூன்றும் சேர்ந்து 74 ஜி.பி. அதில் இரண்டு போன்கள் இப்போது உயிரோடுகூட இல்லை. படத்தில் பாதி வயலை அந்த மூன்று பாத்திதான் அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு "இதை முன்னாடியே பார்த்திருக்கலாம் இல்லையா" என்று மட்டும் கேட்டார்.

அழித்ததை மீட்க முயற்சி செய்தோம். பழைய வகைச் சுழலும் டிஸ்காக இருந்தால் ஓரளவு வாய்ப்பு உண்டு. அவருடையது எஸ்.எஸ்.டி. அதில் அழித்த இடத்தை டிஸ்கே சுத்தமாகத் துடைத்து வைத்துக்கொள்ளும். ஒன்றும் கிடைக்கவில்லை.

இதைக் கேட்ட பிறகும் "டிஸ்க் விலை குறைவு, ஒன்று வாங்கிப் போடு" என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? முதலில், எல்லா லேப்டாப்பிலும் டிஸ்கை மாற்ற முடியாது. பலவற்றில் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். போன்களிலும் கார்டு போடும் துவாரத்தை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படியே மாற்றினாலும், இருப்பது என்னவென்று தெரியாமல் கிடங்கை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு போவது எந்த ஊர் நிர்வாகம்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிகள் சொன்னது ஆற்றில் இடம் போதாது என்பதற்காக அல்ல.

வாங்கும் டிஸ்கிலும் ஓர் எண் விளையாட்டு. பெட்டியில் 1 டி.பி. என்று போட்டிருக்கும். விண்டோஸில் மாட்டினால் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணிவிட்டு அதற்கும் ஜி.பி. என்றே பெயர் வைக்கிறது. மேக்கில் 2009 முதல் ஆயிரம் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே பெட்டியில் உள்ளதும் திரையில் உள்ளதும் பொருந்தும். படியில் அளந்து வாங்கி மரக்காலில் அளந்து பார்க்கிற கதை. யாருடைய சரக்கும் குறையவில்லை. ஆனால் இதை வாங்குபவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

நமக்குக் கணக்குத் தெரியாமல் இருப்பதில் யாருக்கு லாபம்? திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஸ்டோர்ஸிலும் கணக்கு சரியில்லாத ரேக்குகள் எல்லாம் திருட்டு ரேக்குகள் இல்லை. ஆனால் கணக்கு சரியில்லாத ரேக்கைச் சுற்றித்தான் வேண்டாதவர்கள் நடமாடுவார்கள். இங்கேயும் அப்படித்தான். "உங்கள் கம்ப்யூட்டரில் 4,317 குப்பைகள் இருக்கின்றன, சுத்தம் செய்யப் பணம் கட்டுங்கள்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் துப்புரவு மென்பொருள்கள் எதை நம்பிப் பிழைக்கின்றன? நமக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது என்பதை நம்பித்தான். மேகக் கிடங்குகள் இலவசமாகக் கொஞ்சம் இடம் கொடுக்கின்றன. கூகுள் 15 ஜி.பி., ஆப்பிள் 5 ஜி.பி., மைக்ரோசாஃப்ட் 5 ஜி.பி. கூகுளில் போட்டோக்களுக்கு முன்பு ஓரளவு தரத்தில் கணக்கே இல்லாமல் இடம் தந்தார்கள். 2021 ஜூன் 1 முதல் அதையும் அந்த 15-க்குள் சேர்த்துவிட்டார்கள். நிரம்பிவிட்டால் மெயில்கூட வராது. பென்ஷன் சம்பந்தமான மெயிலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவன் என்ன செய்வான்? எது நிரப்பியது என்று தேடுவதைவிட மாதம் இவ்வளவு என்று கட்டிவிடுவது சுலபம். கட்டிவிடுகிறான். சாகும் வரை கட்டுவான். அதற்குப் பிறகு பிள்ளைகள் கட்டுவார்கள், அப்பாவின் போட்டோக்கள் உள்ளே இருக்கின்றன அல்லவா!

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ஒரு கணக்கு காட்டுகிறார்களே என்பீர்கள். காட்டுகிறார்கள். ஆப்ஸ் இவ்வளவு, தற்காலிக ஃபைல்கள் இவ்வளவு, சிஸ்டத்துக்கு ஒதுக்கியது இவ்வளவு. கடைசியில் "மற்றவை" என்று ஒரு தலைப்பு. பல கம்ப்யூட்டர்களில் அந்த "மற்றவை"தான் பெரிய தொகை. போன்களிலும் இதே கதை. ஐபோனில் முன்பு அதர் என்று இருந்ததற்கு இப்போது சிஸ்டம் டேட்டா என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்டால் விவரம் வராது. வரவு செலவில் மிஸலேனியஸ் என்ற தலைப்பு சில்லறைச் செலவுக்கு. டீ, தபால்தலை, சணல் கயிறு. மொத்தத் தொகையில் கால்வாசியை மிஸலேனியஸ் என்று எழுதிக் கொடுத்தால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

நல்லதையும் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் செட்டிங்ஸுக்குள் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போய்ப் பாருங்கள். எந்த நண்பர், எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகக் காட்டும். பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்.பி.க்கு மேல் உள்ளவை என்று தனியாகப் பிரித்தும் தரும். என் போனில் முதலிடம் யாருக்கு என்று சொன்னால் எங்கள் குடும்பக் குழுவில் சண்டை வரும், விட்டுவிடுகிறேன். ஆனால் இதுதான் கணக்கு காட்டும் முறை. பெயர், தொகை, பெரியது மேலே. ஒரு போன் ஆப் செய்வதை ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்ய முடியாது என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

அந்த டிக் கட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வின்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ, விஸ்ட்ரீ மூன்றும் வீட்டு உபயோகத்துக்குக் காசில்லாமல் கிடைக்கும். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். எதையும் நிறுவப் பிடிக்காதவர்கள் கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, வேண்டிய ஃபோல்டருக்குள் போய், டிர் கட்டளைக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடும் எஸ் எழுத்தும் அடித்தால் ஃபைல்கள் எல்லாம் ஓடி முடிந்து கடைசியில் மொத்தம் வரும். டாஸ் காலத்து வித்தை, இன்றும் வேலை செய்கிறது.

படத்தில் பெரிய பாத்தி ஒன்றைப் பார்த்தவுடன் கை துறுதுறுக்கும். விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் இருப்பதைக் கையால் அழிக்காதீர்கள், மேலே சொன்ன வின்எஸ்எக்ஸ்எஸ் உள்பட. அதற்கு டிஸ்க் கிளீனப் என்று விண்டோஸிலேயே வழி இருக்கிறது. புதிய பதிப்புக்கு மாறிய பிறகு விண்டோஸ் டாட் ஓல்டு என்று பழைய வீடு அப்படியே பல ஜி.பி.யுடன் நிற்கும். பழையதுக்குத் திரும்ப வேண்டியிருக்குமோ என்று பத்து நாள் வைத்திருந்து பிறகு அவர்களே இடித்துவிடுவார்கள். அவசரமென்றால் அதே டிஸ்க் கிளீனப்பில் நீங்களே சொல்லலாம். ஹைபர்ஃபில் என்று ஒரு பெரிய ஃபைல், சி டிரைவின் வாசலிலேயே மறைந்து உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டரை ஹைபர்னேட் செய்யும்போது மெமரியில் இருப்பதை எழுதி வைக்கும் இடம் அது. 16 ஜி.பி. ராம் இருந்தால் வழக்கமாக 6 ஜி.பி.யாவது இருக்கும். ஹைபர்னேட் வசதியே வேண்டாம் என்பவர்கள் அட்மினிஸ்ட்ரேட்டராகக் கறுப்புத் திரையைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு எச், இடைவெளி, ஆஃப் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது மறைந்துவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆவது மட்டும் சற்று மெதுவாகலாம்.

சரியாக 6 ஜி.பி. வாத்தியாரின் கொலுப் பாட்டு அளவு.